முத்திரை இல்லாத தராசு

மளிகைக்கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். தொழிலாளர் துறையிலிருந்து முத்திரை ஆய்வாளர் வருவார். படிக்கல்லை எடுத்துப் பார்ப்பார். தேய்ந்திருந்தால் அபராதம் போடுவார். சந்தையில் மீன் விற்கிற அம்மாவின் தராசுக்கும் இதே சட்டம்தான். அடுத்தவனுடைய விசுவாசத்தை நிறுக்கிற தராசுக்கு மட்டும் தமிழ்நாட்டில் முத்திரையும் கிடையாது, ஆய்வாளரும் கிடையாது. எவர் வேண்டுமானாலும் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கலாம். இறங்கியும் இருக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். நூற்றுக்கு ஆறு பேர். இந்த ஆறு பேருக்குள் ஆறு கட்சி. ஒவ்வொரு கட்சிக்கும் மற்ற ஐந்து கட்சிக்காரனும் நரகத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டவன். மீதி 94 பேரைப் பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லை. அவர்கள் கதை முன்பே முடிந்துவிட்டது. ஆகவே தராசு முழுக்க முழுக்க வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிறது.

திருநெல்வேலியில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் கேட்டுவிடுவார்: "பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" ஊர் எது, பேர் என்ன என்பதெல்லாம் பிறகு. "ஆமா" என்று சொல்லிப் பாருங்கள். "எப்போ? தேதி ஞாபகம் இருக்கா?" என்று அடுத்த கேள்வி வரும். தேதி தெரியாதவன் ஃபெயில். "எங்க தாத்தா காலத்திலிருந்தே நாங்க கிறிஸ்தவங்கதான்" என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "ஓ, பாரம்பரியமா?" என்று இழுத்து ஒரு பெருமூச்சு விட்டு, பையிலிருந்து கைப்பிரதியை எடுத்து நீட்டுவார். நானூறு வருஷம் கும்பிட்டவனும் அவர் கணக்கில் பேர்க் கிறிஸ்தவன்தான். போன மாதம் ஆற்றில் முழுகி எழுந்தவர் நேரே நீதிபதி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

இதில் பாரம்பரிய சபைக்காரர் ஒன்றும் பாவப்பட்டவர் அல்ல. அவர் தராசு வேறு மாடல். "அல்லேலூயா கூட்டம்", "ஆட்டம் போடுற சபை", "ஆடு திருடுகிறவங்க" என்று அவர் எடைபோடுவார். தெளிப்பு ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா என்று மூன்று தண்ணீர்ப் பஞ்சத்தைத் தாண்டியும் சண்டை ஓடுகிறது. கத்தோலிக்கர் இருவரையும் பிரிந்துபோன பிள்ளைகள் என்கிறார்; இருவரும் கத்தோலிக்கரைச் சிலை கும்பிடுகிறவர் என்கிறார்கள். நாலு பக்கமும் தராசு. நடுவில் சரக்கு மட்டும் இல்லை.

விசுவாசத்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைகள் உண்டு. முதலாவது, பொம்பிளைப் பிள்ளைகளின் காது. காது மூளியாக இருந்தால் பரிசுத்தம். கம்மல் தொங்கினால் உலகம். தலையில் பூ வைத்தால் பின்மாற்றம். நெற்றியில் சாந்துப் பொட்டு இருந்தால் அந்தச் சகோதரிக்கு உபவாச ஜெபம் தேவை. ஒரு ஸ்திரீயின் இருதயத்தில் என்ன இருக்கிறது என்பதை அவள் காதுமடலிலேயே வாசித்துவிடுகிற இந்தக் கலை ஆண்கள் பக்கம் வந்ததும் மறந்துபோகிறது. அவள் காதிலிருந்து கழற்றிய கம்மல் வரதட்சணைக் கணக்கில் எத்தனை பவுனாகச் சேர்ந்தது என்று எந்தப் பரிசுத்தவானும் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

கிறிஸ்தவப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் வரும் மணமகள் தேவை விளம்பரங்களை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள, சிவந்த நிறமுடைய, படித்து வேலையிலுள்ள மணமகள் தேவை." முதல் வரியிலேயே சாதி இருக்கும், உட்பிரிவோடு. பரிசுத்த ஆவி எல்லாச் சாதியார் மேலும் இறங்குகிறார். சம்பந்தம் மட்டும் ஒரே சாதியில் இறங்குகிறது. இந்த விளம்பரம் கொடுத்தவருடைய விசுவாசம் நிஜமா என்று யாரும் பஸ்ஸில் கேட்கமாட்டார்கள். அவர் சபையின் மூப்பர்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாத இடம் ஆஸ்பத்திரி.

ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில், பக்கத்துக் கட்டில் பேச்சு காதில் விழுந்தது. பீடி சுற்றிப் பிழைக்கிற அம்மா. சர்க்கரையால் கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். கட்டு ஈரமாகவே இருந்தது. பார்க்க வந்தவர்கள் இரண்டு பிரதர், ஒரு சிஸ்டர். கையில் வேதாகமம், எண்ணெய்க் குப்பி.

"எண்ணெய் பூசி ஜெபிச்சு மூணு வாரமாச்சேக்கா, இன்னும் ஆறலையா?"

"ஆறலையே பிரதர்."

"அப்போ எங்கேயோ ஒரு அவிசுவாசம் இருக்கு. யோசிச்சுப் பாருங்க. மாத்திரை எதும் போடுறீங்களோ?"

"டாக்டரம்மா கொடுத்தாங்க..."

"அதான்."

அந்த "அதான்" இருக்கிறதே, அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. கணக்கு வாத்தியார் விடையைக் கண்டுபிடித்த திருப்தி மட்டும் இருந்தது. அந்த அம்மா அன்றைக்கு மாத்திரை போடவில்லை. மறுநாள் நர்ஸம்மா தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரைகளை எடுத்து, "உசுரோட விளையாடுதியா?" என்று சத்தம் போட்டார். நர்ஸம்மா கழுத்திலும் சிலுவை தொங்கியது. அவர் யாருடைய விசுவாசத்தையும் பார்க்கவில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார்.

இந்த வியாபாரத்தின் கணக்கு முறையைக் கவனியுங்கள். நோய் குணமானால் பெருமை ஊழியக்காரருக்கு: மேடையில் சாட்சி, யூடியூபில் வீடியோ, அடுத்த கூட்டத்துக்குப் போஸ்டர். குணமாகாவிட்டால் குற்றம் நோயாளிக்கு: விசுவாசம் போதவில்லை. லாபம் முழுக்க அவருக்கு, நட்டம் முழுக்க இவளுக்கு. கால்விரலை இழந்தவள் கடவுளையும் இழந்துவிட்டதாக நம்பிக்கொண்டு செத்துப் போகவேண்டும். நாலு சுவிசேஷத்திலும் இயேசுவிடம் வந்த எந்தச் சீக்காளியையும் அவர், "உன் விசுவாசம் குறைச்சல், போய்விட்டு அடுத்த மாதம் வா" என்று திருப்பி அனுப்பவில்லை. வலிப்புப் பிள்ளையின் அப்பா ஒருவர் தன் அவநம்பிக்கையை அவர் முகத்துக்கு எதிரேயே ஒப்புக்கொண்டார். பிள்ளை குணமாகித்தான் வீட்டுக்குப் போனது. இதே ஊழியக்காரருக்கு நெஞ்சு வலித்தால் எண்ணெய்க் குப்பியோடு யாரும் வருவதில்லை. ஆம்புலன்ஸ் வருகிறது, பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்கிறார்கள், "தேவன் மருத்துவர்களின் கரங்களைப் பயன்படுத்தினார்" என்று திரும்பி வந்து பிரசங்கம் பண்ணுகிறார். பீடி சுற்றுகிற அம்மாவுக்கு மருந்து கொடுக்கும்போது மட்டும் தேவன் அந்தக் கரங்களைப் பயன்படுத்துவதில்லை போலிருக்கிறது.

தராசு எப்போதும் கீழ்ப்பக்கமாகவே நீள்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஏழை, நோயாளி, பொம்பிளை, தலித். இவர்களுடைய இருதயம் மட்டும்தான் எடைபோடத் தக்கது.

"அரிசிக் கிறிஸ்தவன்" என்று ஒரு பட்டம் இருக்கிறது. சோற்றுக்காக மதம் மாறினவன் என்று பொருள். மாற்று மதத்தார் சொன்னால் வசவு. அது அவர்கள் பாடு. எனக்கு வயிற்றெரிச்சல், அதை நம்மவர்களே சொல்வது. மூன்றாம் தலைமுறையாக இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்துகிற குடும்பத்துப் பெரியவர், காலனியில் புதிதாக எழும்பியிருக்கிற கூரை ஜெபவீட்டைக் காட்டி, "எல்லாம் அரிசி மூட்டைக்கு வந்த கூட்டம்" என்கிறார். அண்ணாச்சி, உங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைத் தின்றது. அந்தக் காலத்தில்தான் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கான பேர் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சித் தொட்டி வைத்தவர்கள் மிஷனரிகள். வயிறு காய்ந்து வந்தவர்கள் உங்கள் பூட்டனும் பூட்டியும். 1841 முதல் நெடுங்காலம் இடையன்குடியே வீடாக இருந்த மிஷனரி கால்டுவெல்லுக்கு, ஜனங்கள் பாதுகாப்புக்காகவும் உதவிக்காகவும் வருகிறார்கள் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார். அவர் உங்கள் தராசை வைத்திருந்தால் உங்கள் பூட்டன் கஞ்சி வரிசையிலேயே செத்திருப்பார், நீங்கள் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கமாட்டீர்கள்.

திருவிதாங்கூர் பக்கம் போனால் கதை இன்னும் கூர்மை. மேலாடை போட உரிமை கேட்டுத் தெருவில் ஜாக்கெட் கிழிக்கப்பட்ட பெண்கள் மிஷனரிகளின் நிழலுக்கு வந்தார்கள். 1859-ல் ராஜா அறிவிப்புப் போட்டு ஒரு வகையாக அனுமதிக்கும்வரை அடி வாங்கினார்கள். அவர்கள் வந்தது மானத்துக்காகவா, மேசியாவுக்காகவா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவனுக்கு இரண்டும் வேறு வேறு. அடி வாங்கினவளுக்கு வேறல்ல.

வேதத்திலேயே ஓர் இடம் உண்டு. ஐயாயிரம் பேர் அப்பம் தின்ற மறுநாள் அந்தக் கூட்டம் இயேசுவைத் தேடிக்கொண்டு வந்தது. "நீங்கள் என்னைத் தேடுவது அப்பத்துக்காக" என்கிற அர்த்தத்தில் அவரே முகத்துக்கு நேரே சொன்னார். ஆமாம், சொன்னார். ஆனால் அதை அப்பம் கொடுத்த பிறகு சொன்னார். நம்மவர்கள் கொடுக்காமலேயே சொல்கிறார்கள்.

அரிசிப் பட்டம் எல்லோருக்கும் கிடைக்காது என்பதையும் பார்க்கவேண்டும். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வெள்ளாளர், வைணவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் கிறிஸ்தவம் அவர் மனதைத் தொட்டது. 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மிஷன் சம்பளத்தை அரிசி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, அவர் மனசு அவருக்கும் அவர் கடவுளுக்கும் தெரியும். அதே மரியாதை ஏன் களத்துமேட்டுக் கூலிக்கு இல்லை? இன்றைக்கும் கன்வென்ஷன் போஸ்டரைப் பாருங்கள். "அக்கிரகாரத்தில் பிறந்தவரின் அற்புத சாட்சி" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், படத்தோடு, மாலையோடு. மேல்சாதியிலிருந்து வந்தவரிடம் யாரும் "எதுக்கு வந்தே?" என்று கேட்பதில்லை. அவர் வந்ததே சாட்சி. சேரியிலிருந்து வந்தவன் மட்டும் காரணம் சொல்லவேண்டும், கைரேகை வைக்கவேண்டும், பத்து வருஷம் காத்திருந்து நிரூபிக்கவேண்டும். ஒரு தராசு, இரண்டு படிக்கல்.

நிறுத்துப் பார்த்தே தீரவேண்டும் என்று ஒரு காலத்தில் ஒரு நல்ல பரிசோதனை வைத்தார்கள். 1850-ல் சென்னை மிஷனரிகள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள்: எந்தச் சாதிக் கிறிஸ்தவனோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மறுப்பவன் சாதியை விட்டவன் ஆகமாட்டான். இருதயத்தைத் தோண்டவில்லை, இலையைப் போட்டுவிட்டு உட்காருகிறானா, எழுந்து ஓடுகிறானா என்று பார்த்தார்கள். எழுந்து ஓடினவர்கள் யார் என்று சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்தத் தீர்மானத்தோடு ஒத்துப்போகவில்லை. சாதியை விட மனமில்லாத மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சுவிசேஷத்துக்காகச் சொந்தபந்தத்தை விட்டவர்கள் ஒரு பந்தி சாப்பாட்டுக்காகச் சபையை விட்டார்கள். இவர்கள் பேரில் அரிசிப் பட்டம் ஒட்டவில்லை, பாருங்கள். அரிசிக்காக வந்தவன் கேவலம். அடுத்தவன் கை பட்ட சோறு என்று போனவன் பாரம்பரியம்.

இப்போது அசனப் பண்டிகையில் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோமே என்பார்கள். பல ஊரில் உண்மை, சந்தோஷம். செத்த பிறகு?

கல்லறைக்குப் போவதற்கு முன் வடக்கன்குளத்துக்கு வாருங்கள். 1745-ல் நீலகண்ட பிள்ளை என்கிற திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மற்ற சாதியாரோடு கலந்து புழங்கினார் என்பதே அவர்மேல் ஆத்திரத்துக்கு ஒரு காரணம் என்று சபையே சொல்கிறது. 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அறிவிப்பில் 'பிள்ளை' இல்லை. அந்தப் புனிதர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் செத்து 120 வருஷம் கழித்து, 1872-ல் ஒரு கோவில் கட்டினார்கள். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டு கால் பிரிகிற மாதிரி இரண்டு கூடம், வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. நடுவில் தடுப்பு. கால்சட்டைக் கோவில் என்று ஊரே கேலி பேசியது. 1910-ல் பாதிரியார் தடுப்பை இடித்ததும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? மனந்திரும்பவில்லை. வக்கீலைப் பார்க்கப் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுவர் வேண்டும் என்று கோர்ட் படியேறினவர்களின் விசுவாசம் நிஜமா, பொய்யா? நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. சுவர் தெரியும்.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் மீது வன்னியக் கத்தோலிக்கர் பாய்ந்தார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைக் குறுக்கே பிரித்த சாதிச்சுவர் ஊரறிந்த சங்கதி. அதை உடைக்கப் போனவர்கள் கடவுள் இல்லை என்று சொல்கிற பெரியார் தொண்டர்கள். திருச்சி மாவட்டம் கொட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர், திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிற கூட்டம் நாம் என்று நெஞ்சைத் தட்டுகிறோம். எழும்பும்போது யார் பக்கத்தில் யார் எழும்பக் கூடாது என்பதற்கும் முன்கூட்டியே செங்கல் அடுக்கி வைத்திருக்கிறோம்.

இதில் கல்லறைக்கு இன்னொரு கட்டணமும் உண்டு. சந்தா பாக்கி இருந்தால் கோவில் மணி அடிக்காது, குழி கிடைக்காது என்று துக்கவீட்டு வாசலில் நின்று கணக்கு நோட்டைப் புரட்டுகிற கமிட்டிகள் இருக்கின்றன. பிணத்தின் விசுவாசம் ரசீதில் நிரூபணமாகவேண்டும்.

இருதயத்தை நிறுக்கிற வேலையை ஓர் அரசாங்கமே எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமானால் கோவாவுக்குப் போகலாம். 1560-ல் அங்கே விசாரணைச் சபை வைத்தார்கள். இடையில் ஒரு சிறு இடைவெளியோடு 1812 வரை நடந்தது. முக்கிய இலக்கு இந்துக்கள் அல்ல. மதம் மாறிய கிறிஸ்தவர்கள். நிஜமாகத்தான் மாறினார்களா என்று பார்க்கும் வேலை. 1736-ல் போட்ட ஆணையில் வீட்டில் துளசிச் செடி வைக்கக் கூடாது, உப்பில்லாமல் சோறு வடிக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. இந்துக்கள் அப்படி வடிப்பார்களாம். ஒரு பெண்பிள்ளை உலையில் உப்புப் போட மறந்தாளா, மனசுக்குள் பழைய சாமியைக் கும்பிட்டாளா என்று சோற்றுப்பருக்கையை வைத்துக் கண்டுபிடித்த மேதைகள் அவர்கள். இன்றைக்குப் பொங்கல் வைத்தாளா, கோலம் போட்டாளா, குத்துவிளக்கு ஏற்றினாளா என்று பார்த்துச் சபையில் பேரெடுத்துச் சொல்கிறவர்கள் அந்த மேதைகளின் வாரிசுகள். அவர்களிடம் சிறை இல்லை என்பதுதான் வித்தியாசம், ஒலிபெருக்கி இருக்கிறது.

நாம் இப்படி ஒருவரையொருவர் 'நிஜக் கிறிஸ்தவனா' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்தில் ஒருவர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆசை காட்டி மாற்றினால் சிறை. மாற்றுகிறவர் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுக்கவேண்டும். மாறுகிறவர் பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ இருந்தால் தண்டனை கூடுதல். ஏன் கூடுதல்? அவர்களுக்குச் சொந்த புத்தி கிடையாது, அரிசியைக் காட்டினால் வந்துவிடுவார்கள் என்ற எண்ணம். பேராயர்கள் கொதித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள், ஊர்வலம் போனார்கள். நியாயம்தான். 2004-ல் சட்டம் போனது. ஆனால் அந்தச் சட்டத்தின் மூலவசனத்தை எழுதியவர் யார்? "எல்லாம் அரிசிக்கு வந்த கூட்டம்" என்று நூறு வருஷமாகத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னோமே, அந்தக் குரலைத்தான் அவர்கள் அரசிதழில் அச்சடித்தார்கள்.

தலித் கிறிஸ்தவனின் நிலைமையைப் பாருங்கள். 1950-ல் வந்த ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துவுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனாகிவிட்டால் சாதி போய்விட்டது என்று டெல்லி சொல்கிறது; கல்லறைக்கு வந்தால் போகவில்லை என்று பங்குப்பேரவை சொல்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் ஞானஸ்நானம் பெற்றவர், கோவிலுக்குப் போகிறவர். தான் இந்து என்று சொல்லிச் சாதிச் சான்றிதழ் கேட்டார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் சர்ச்சுக்குப் போகிறார், ஆகவே இந்து என்பது உண்மையான நம்பிக்கை அல்ல, இடஒதுக்கீட்டுக்காகச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று தள்ளிவிட்டது. சபையில் "சலுகைக்கு வந்தவள்", கோர்ட்டில் "சலுகைக்குப் போகிறவள்". இரண்டு பக்கத்துத் தராசிலும் ஏறி இறங்குவது ஒரே உடம்பு.

அப்படியானால் எதையுமே கேட்கக் கூடாதா, ஊரை ஏமாற்றுகிற பாஸ்டரையும் "நியாயந்தீர்க்காதே" என்று விட்டுவிடவேண்டுமா என்று கேட்பீர்கள். இந்த வசனத்தை அதிகமாக ஓதுகிறவர்களே அந்தப் பாஸ்டர்கள்தான். தசமபாகக் கணக்குக் கேட்டால், "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்பார்கள். மத்தேயு ஏழாம் அதிகாரத்தின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால், கள்ளத் தீர்க்கதரிசிகளைக் கனியை வைத்து அறியச் சொல்லியிருக்கிறது. கனி என்றால் கையால் பறித்துப் பார்க்கக்கூடியது. வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம், கமிட்டித் தீர்மானம், கல்லறைச் சுவர், வரதட்சணைச் சீர். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. இருதயம் தெரியாது. நம்முடைய திறமை என்னவென்றால், தெரியாததைத் துல்லியமாக நிறுக்கிறோம். தெரிவதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகிறோம். யாக்கோபின் நிருபத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல நாற்காலியும், கந்தலோடு வந்தவனுக்குக் காலடியும் காட்டுகிற சபையைப் பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு, முதல் வரிசையில் எம்.எல்.ஏ.வுக்குச் சோபா போட்டிருக்கிறோம்.

திருமண்டலத் தேர்தல் வந்தால் பார்க்கவேண்டும். அணி அணியாகப் பிரிந்து, வேனில் ஓட்டர்களை ஏற்றி, பிரியாணி போட்டு, சாதி பார்த்து, தோற்றதும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி வந்து சபைச் சொத்தை நிர்வகிக்கிற கேவலம் வரை போயிருக்கிறது. அப்போது ஒருவரையும் பார்த்து யாரும், "பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வி பிறந்ததற்கு ஓர் அர்த்தமாவது இருந்திருக்கும்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, வெளியே இருக்கிறவர்களை நியாயந்தீர்ப்பது தன் வேலை இல்லை, உள்ளே இருக்கிறவர்களைக் கவனியுங்கள் என்றார். அவர் கவனிக்கச் சொன்னது நடத்தையை. நாம் நிறுப்பது இருதயத்தை.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரு நாள் நடந்து சுற்றி வாருங்கள். நடுவில் சுவர் இருந்தாலும் சரி, சுவர் இல்லாமலேயே 'அந்த ஓரம் யாருக்கு' என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் சரி, வருகிற கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். சுவரை இடிக்கவும், குழியை வரிசைப்படி கொடுக்கவும், சந்தா பாக்கியைச் சாவு வீட்டில் கேட்காமலிருக்கவும் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஐந்து வருஷ வரவுசெலவைத் தமிழில் அச்சடித்துக் கோவில் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். "ஆவிக்குரிய காரியத்தில் அரசியல் பேசாதீங்க" என்பார்கள், உட்காராதீர்கள். ஓட்டுக்கு விடச் சொல்லுங்கள். ஆதரித்தவர் பேரையும் எதிர்த்தவர் பேரையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வையுங்கள்.